சூத்திரம் இல்லாத மூன்று விசைகள்: சமநிலைக் கணக்குகள் எங்கே தப்புகின்றன

பதினோராம் வகுப்பு இயற்பியலில் சமநிலைக் கணக்கு என்றாலே பலருக்கு ஒரு தயக்கம். கணக்கு கடினம் என்பதால் வரும் தயக்கம் இல்லை இது. பொருள் அசையவில்லை, முடுக்கம் சுழி, அதனால் விசைகளின் கூடுதலும் சுழி. அதற்குப் பிறகு வருவதெல்லாம் கீழ் வகுப்பிலேயே படித்த இயற்கணிதம்தான். ஆனாலும் விடை தப்பாக வருகிறது. எங்கே தப்புகிறது என்று தேடினால் ஒரே விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: ஒவ்வொரு விசைக்கும் ஒரு சூத்திரம் இருந்தே தீரும் என்று மாணவர் நம்புகிறார். செங்குத்து விசை (தொடும் பரப்பு தனக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசை) என்றதும் நிறையை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி எழுதிவிடுகிறார், உராய்வு என்றதும் உராய்வுக் குணகத்தை (தொடும் இரண்டு பரப்புகளைப் பொறுத்த ஒரு எண்) செங்குத்து விசையால் பெருக்குகிறார், கயிற்றின் இழுவிசை என்றதும் தொங்குகிற எடையை அப்படியே போட்டுவிடுகிறார். இந்த மூன்றும் சில கணக்குகளில் சரியாகவே வந்துவிடும், அதனால்தான் இந்தப் பழக்கம் இவ்வளவு ஆழமாக ஒட்டிக்கொள்கிறது.

எடைக்குச் சூத்திரம் உண்டு. சுருள்வில்லுக்கும் உண்டு, எவ்வளவு நீண்டிருக்கிறது என்று தெரிந்தால் எவ்வளவு இழுக்கும் என்று சொல்லிவிடலாம். ஆனால் செங்குத்து விசை, இழுவிசை, ஓய்வுநிலை உராய்வு (பொருள் இன்னும் சறுக்காதபோது இருக்கும் உராய்வு) ஆகிய மூன்றுக்கும் சொந்தமாக எந்தச் சூத்திரமும் கிடையாது. மேசை மீது ஒரு புத்தகத்தை வைத்தால் மேசைப் பலகை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து, புத்தகம் உள்ளே இறங்காமலிருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் மேல்நோக்கித் தள்ளுகிறது. இன்னொரு புத்தகம் வைத்தால் இன்னும் கொஞ்சம் வளையும், இன்னும் கொஞ்சம் தள்ளும். கயிறும் அப்படித்தான், உராய்வும் அப்படித்தான். மற்ற விசைகள் எல்லாம் சேர்ந்து பொருளை எங்கே கொண்டுபோகப் பார்க்கின்றனவோ, அதைத் தடுக்கும் அளவுக்கு இவை தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. அதனால் இவற்றின் மதிப்பைக் கணக்கின் தொடக்கத்தில் எழுத முடியாது. சமநிலை நிபந்தனையைப் போட்டு, கடைசியில்தான் எடுக்க முடியும். என்னைக் கேட்டால், இந்தப் பாடத்தில் முதல் நாளே கரும்பலகையில் எழுதிப்போட வேண்டியது இதைத்தான்.

ஒரு சின்னக் கணக்கில் இதைப் பார்க்கலாம். 2 கிலோ எடையுள்ள புத்தகத்தைச் சுவரில் வைத்து உள்ளங்கையால் கிடைமட்டமாக அழுத்திப் பிடிக்கிறீர்கள், 100 நியூட்டன் விசையில். சுவருக்கும் புத்தகத்துக்கும் இடையில் ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4. உங்கள் கை வழவழப்பானது என்று வைத்துக்கொள்வோம். உராய்வு எவ்வளவு? 0.4-ஐ 100-ஆல் பெருக்கி 40 நியூட்டன் என்று எழுதுபவர்கள்தான் அதிகம். புத்தகத்தின் எடை 20 நியூட்டன் (ஈர்ப்பு முடுக்கம் 10 என்று எடுத்துக்கொள்கிறேன், இந்தக் கட்டுரை முழுக்க அப்படித்தான்). கீழே இழுப்பது 20, மேலே தள்ளுவது 40 என்றால் புத்தகம் சுவரில் தானாக மேலே ஏற வேண்டும்! உராய்வு 20 நியூட்டன்தான். 40 என்பது உராய்வு தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச அளவு, அவ்வளவே. இப்போது இரண்டு மடங்காக அழுத்துங்கள். செங்குத்து விசை 200 ஆகிறது, உச்ச வரம்பு 80 ஆகிறது, உராய்வு அதே 20-தான். இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: செங்குத்து விசைக்கும் புத்தகத்தின் எடைக்கும் இந்தக் கணக்கில் எந்தச் சம்பந்தமும் இல்லை. எடை கீழ்நோக்கி இருக்கிறது, செங்குத்து விசை கிடைமட்டமாகச் சுவரிலிருந்து வெளியே வருகிறது.

இதோடு சேர்ந்தே வரும் ஒரு குழப்பம் நியூட்டனின் மூன்றாம் விதி. மேசை மேல் உள்ள புத்தகத்தின் எடையும் மேசையின் செங்குத்து விசையும் சமம், எதிரெதிர். ஆகவே அவை செயல், எதிர்ச்செயல் இணை என்று எழுதுகிறார்கள். இல்லை. அந்த இரண்டு விசைகளும் ஒரே பொருளின் மேல், அதாவது புத்தகத்தின் மேல் செயல்படுகின்றன. மூன்றாம் விதி இணை எப்போதும் இரண்டு வெவ்வேறு பொருள்களின் மேல் இருக்கும். பூமி புத்தகத்தை இழுக்கிறது, புத்தகம் பூமியை இழுக்கிறது, இது ஒரு இணை. மேசை புத்தகத்தைத் தள்ளுகிறது, புத்தகம் மேசையைத் தள்ளுகிறது, இது இன்னொரு இணை. எடையும் செங்குத்து விசையும் சமமாக இருப்பதற்குக் காரணம் மூன்றாம் விதி இல்லை, புத்தகம் முடுக்கமில்லாமல் இருப்பது. மேசையோடு சேர்த்து அதை மேல்நோக்கி முடுக்கமடையும் லிஃப்டில் வைத்தால் செங்குத்து விசை எடையைவிட அதிகமாகிவிடும், ஆனால் மூன்றாம் விதி இணைகள் இரண்டும் அப்போதும் கச்சிதமாகச் சமமாகவே இருக்கும். சமநிலையில் நின்றுகொண்டு மட்டும் பார்ப்பதால்தான் இந்த இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

சரி, எப்படித் தொடங்குவது? படம் வரைந்துதான். கேள்வியில் கொடுத்திருக்கும் படத்தின் மேலேயே அம்புக்குறி போடுவதைச் சொல்லவில்லை. ஒரு பொருளை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அந்தப் பொருளைத் தனியாக வரைய வேண்டும். அதை எவையெல்லாம் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். தொடும் ஒவ்வொன்றும் ஒரு விசையைத் தரும், தரை மாதிரி சொரசொரப்பானது என்றால் செங்குத்து விசை, உராய்வு என இரண்டு. தொடாமல் இழுப்பது பள்ளிக் கணக்கில் பெரும்பாலும் பூமி ஒன்றுதான். இதற்கு மேல் ஒரு அம்பு உங்கள் படத்தில் இருந்தால், 'இதை யார் கொடுக்கிறார்கள்?' என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத அம்பு இருக்கவே கூடாது. பள்ளிப் புத்தகங்களில் தனித்த பொருளின் விசைப்படம் என்று இதை ஒரு தனித் தலைப்பாகவே கொடுத்திருப்பார்கள், ஆனால் தேர்வில் அவசரத்தில் முதலில் விடுபடுவதும் இதுதான்.

எந்தப் பொருளைத் தனியாக எடுப்பது என்பதில் உங்களுக்கு முழுச் சுதந்திரம் இருக்கிறது, இதைப் பலர் பயன்படுத்திக்கொள்வதே இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பெட்டிகள் இருக்கின்றன, தரை எவ்வளவு தள்ளுகிறது என்று கேட்டால் மூன்றையும் சேர்த்து ஒரே பொருளாக எடுத்துக்கொண்டால் போதும், இடையில் உள்ள விசைகள் எதுவும் தேவையில்லை. நடுப்பெட்டிக்கும் கீழ்ப்பெட்டிக்கும் இடையில் எவ்வளவு என்று கேட்டால் மேலே உள்ள இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்கப்படும் விசை, நீங்கள் வெட்டுகிற எல்லையின் மேல் விழ வேண்டும். உள்ளே விழுந்தால் அது படத்தில் வராது, கணக்கிலும் வராது.

இழுவிசைக்கு வருவோம். ஒரு சுருள்வில் தராசைக் கிடைமட்டமாக வைத்து, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, கப்பிகள் வழியாக இரண்டு பக்கமும் 5 கிலோ தொங்கவிட்டால் தராசு என்ன காட்டும்? 10 கிலோ என்று சிலர், சுழி என்று சிலர். விடை 5 கிலோ, அதாவது 50 நியூட்டன். ஒரு பக்கத்து எடையை எடுத்துவிட்டு அந்தக் கயிற்றைச் சுவரில் உள்ள ஆணியில் கட்டினால் எல்லோரும் தயங்காமல் 5 கிலோ என்பார்கள். ஆணி அங்கே என்ன செய்கிறது? 50 நியூட்டனால் இழுக்கிறது. முன்பு இரண்டாவது எடை செய்த அதே வேலை. ஆணி 'சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறது' என்று நினைப்பதால்தான் இரண்டும் வெவ்வேறாகத் தெரிகின்றன.

அடுத்தது துணி காயப்போடும் கொடி. இழுவிசை என்றால் தொங்கும் எடைதான் என்ற நினைப்பை இதைவிட நன்றாக உடைக்கும் உதாரணம் எனக்குத் தெரியாது. 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பங்கள், நடுவில் 2 கிலோ ஈரத் துணி, அதாவது 20 நியூட்டன். துணி தொங்கும் இடத்தில் கயிறு 10 சென்டிமீட்டர் மட்டும் தொய்ந்திருக்கிறது. துணி தொங்கும் அந்தப் புள்ளியை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். கீழே 20 நியூட்டன். இரண்டு பக்கமும் கயிறு கிட்டத்தட்டக் கிடைமட்டமாக இழுக்கிறது, அந்த இழுப்பின் மேல்நோக்கிய கூறு மட்டும்தான் துணியைத் தாங்குகிறது. 5 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சரிவு என்றால் கோணத்தின் சைன் மதிப்பு 0.02. ஆக 2 × இழுவிசை × 0.02 = 20. இழுவிசை 500 நியூட்டன்! 2 கிலோ துணிக்காகக் கயிறு 50 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டது மாதிரி இறுகி நிற்கிறது. இன்னும் முறுக்கி இழுத்துக் கட்டித் தொய்வை 5 சென்டிமீட்டர் ஆக்கினால் 1000 நியூட்டன். தொய்வே இருக்கக்கூடாது என்றால் இழுவிசை முடிவிலி ஆக வேண்டும். நேர்க்கிடையான கயிற்றுக்கு மேல்நோக்கிய கூறு என்று எதுவுமே இல்லை. எவ்வளவு பலசாலி இழுத்தாலும் நடுவில் எடை தொங்கும் கயிறு கொஞ்சமாவது தொய்ந்துதான் இருக்கும். மின்கம்பங்களுக்கு இடையே கம்பியை வேண்டுமென்றே தொய்வாக விடுவதற்கும் இதுதான் அடிப்படை. குளிரில் கம்பி சுருங்கித் தொய்வு குறையும்போது இழுவிசை எகிறும், அதற்கும் இடம் விட்டுத்தான் கட்டுகிறார்கள்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ஒரு நல்ல உத்தி கிடைக்கிறது. சேற்றில் மாட்டிய காரையும் எதிரே உள்ள மரத்தையும் கயிற்றால் விறைப்பாகக் கட்டிவிட்டு, கயிற்றின் நடுவில் பக்கவாட்டில் தள்ளுவது. 10 மீட்டர் கயிற்றின் நடுப்புள்ளியை 300 நியூட்டனால் தள்ளி 25 சென்டிமீட்டர் நகர்த்தினால் சைன் மதிப்பு 0.05, இழுவிசை 3000 நியூட்டன். நேராக இழுத்தால் கிடைப்பதைப்போலப் பத்து மடங்கு. கார் கொஞ்சம் நகர்ந்ததும் கோணம் பெரிதாகி இந்த ஆதாயம் போய்விடும், மறுபடி கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும்.

கூறுகளாகப் பிரிப்பதில் நடக்கும் தவறு வேறு வகை. 'காஸ் என்றால் கிடைமட்டம், சைன் என்றால் செங்குத்து' என்று மனப்பாடம் செய்துவிட்டு, கோணம் எந்தக் கோட்டிலிருந்து அளக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. கோணம் செங்குத்துக் கோட்டிலிருந்து கொடுக்கப்பட்டிருந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். இதற்கு மனப்பாடம் வேண்டாம், கோணத்தைச் சுழி ஆக்கிப் பாருங்கள். சாய்தளம் முற்றிலும் படுத்துவிட்டால் தளத்தின் வழியே பொருளை இழுக்கும் விசை சுழி ஆக வேண்டும், சைன் சுழி என்பதுதான் சுழி, ஆகவே அங்கே சைன். இந்தச் சோதனைக்கு ஐந்து விநாடிகூட ஆகாது. அப்புறம், அச்சுகள் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சாய்தளத்தில் தளத்தின் வழியே ஒன்று, அதற்குச் செங்குத்தாக ஒன்று என்று வைத்தால் எடையை மட்டும் பிரித்தால் போதும்.

சாய்தளம் என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் பிறந்த சைமன் ஸ்டெவின், 1586-ல் டச்சு மொழியில் எழுதிய நிலையியல் புத்தகத்தில், சைன் காஸ் எதுவும் இல்லாமல் சாய்தளச் சமநிலையைத் தீர்த்துக் காட்டினார். நியூட்டனின் விதிகள் வருவதற்கு 101 ஆண்டுகளுக்கு முன்பு! இரண்டு பக்கமும் சாய்ந்த ஒரு முக்கோணம், ஒரு சாய்வின் நீளம் மற்றதைப்போல இரண்டு மடங்கு. அதன் மேல் 14 உருண்டைகள் சம இடைவெளியில் கோத்த ஒரு மூடிய சங்கிலி. நீளமான சாய்வில் 4 உருண்டை, குட்டையான சாய்வில் 2, மீதி 8 கீழே தொங்குகின்றன. 4 உருண்டை இருக்கும் பக்கம் கனமானது, அதனால் சங்கிலி அந்தப் பக்கம் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு உருண்டை அளவு நகர்ந்ததும் அமைப்பு பழையபடி அப்படியே இருக்கிறது, மறுபடியும் நகர வேண்டும், மறுபடியும், முடிவே இல்லாமல். அப்படி நடக்காது என்பதால் சங்கிலி அசையாது. கீழே தொங்கும் 8-ம் இரண்டு பக்கமும் சமச்சீராகத் தொங்குவதால் அதை வெட்டி எடுத்துவிடலாம். மிஞ்சுவது: நீளமான சாய்வில் 4, குட்டையான சாய்வில் 2, சமநிலை. நம் முறைப்படி 4-ஐ ஒரு சைனாலும் 2-ஐ மற்ற சைனாலும் பெருக்கிப் பாருங்கள், முக்கோணத்தின் உயரம் ஒன்றே என்பதால் இரண்டும் சமமாகவே வரும். 'அதிசயம், ஆனால் அதிசயமில்லை' என்ற பொருள்பட ஒரு வரியை அந்தப் படத்தோடு அவர் போட்டிருந்தார். இவ்வளவு அழகான வாதத்தைப் பாடப்புத்தகங்கள் ஏன் ஓரத்துப் பெட்டிச் செய்தியாகக்கூடப் போடுவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இதுவரை பார்த்ததெல்லாம் விசைகள் ஒரே புள்ளியில் சந்திக்கும் கணக்குகள், அல்லது அப்படி எடுத்துக்கொள்ளக்கூடியவை. பொருளுக்கு நீளம் வந்துவிட்டால் விசைகளின் கூடுதல் சுழி என்பது மட்டும் போதாது, அது சுழலாமலும் இருக்க வேண்டும். ஆகவே திருப்புவிசைகளின் (ஒரு புள்ளியிலிருந்து விசையின் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தால் விசையைப் பெருக்கினால் வருவது) கூடுதலும் சுழி. இங்கே எழும் முதல் கேள்வி, 'எதைப் பற்றித் திருப்புவிசை எடுப்பது? இது எதைச் சுற்றிச் சுழல்கிறது?' என்பதுதான். அது எதைச் சுற்றியும் சுழலவில்லை. அதனால்தான் எந்தப் புள்ளியை வேண்டுமானாலும் எடுக்கலாம், பொருளுக்கு வெளியே காற்றில் இருக்கும் புள்ளியைக்கூட. எந்தப் புள்ளியும் சரி என்னும்போது, தெரியாத விசைகள் அதிகமாக எங்கே கடந்துபோகின்றனவோ அந்தப் புள்ளியை எடுத்தால் அவை எல்லாம் சமன்பாட்டிலிருந்து காணாமல் போய்விடும்.

ஏணியில் இதைச் செய்து பார்ப்போம், கொஞ்சம் நிதானமாகவே. 5 மீட்டர் ஏணி, 15 கிலோ. அடிப்பக்கம் சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறது, ஆகவே மேல்முனை 4 மீட்டர் உயரத்தில் சுவரைத் தொடுகிறது. சுவர் வழவழப்பானது, தரையின் உராய்வுக் குணகம் 0.5. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறுகிறார். தனியாக எடுக்கும் பொருள் ஏணி, ஆனால் ஆளையும் அதோடு சேர்த்துக்கொள்கிறேன். தொடுவது சுவர், தரை. சுவர் கிடைமட்டமாக வெளியே தள்ளுகிறது. தரை மேலே தள்ளுகிறது, உராய்வால் சுவரை நோக்கித் தள்ளுகிறது. பூமி ஏணியின் நடுவில் 150 நியூட்டனும், ஆள் நிற்கும் இடத்தில் 600 நியூட்டனும் கீழே இழுக்கிறது. செங்குத்துத் திசையில் பார்த்தால் தரையின் செங்குத்து விசை 750 நியூட்டன், ஆள் எந்தப் படியில் நின்றாலும் அதுதான். உராய்வின் உச்ச வரம்பு 375. கிடைமட்டத்தில் பார்த்தால் சுவரின் தள்ளலும் உராய்வும் சமம். மிச்சம் இருப்பது திருப்புவிசை, அடிப்புள்ளியைப் பற்றி எடுக்கிறேன். தரையின் இரண்டு விசைகளும் அதன் வழியே போவதால் மறைந்துவிடுகின்றன.

ஆள் ஏணியின் வழியே 1 மீட்டர் ஏறியிருக்கிறார் என்றால், அடிப்புள்ளியிலிருந்து கிடைமட்டத் தூரம் 0.6 மீட்டர். ஏணியின் எடையால் 150 × 1.5 = 225, ஆளின் எடையால் 600 × 0.6 = 360, கூட்டினால் 585. சுவரின் விசை 4 மீட்டர் உயரத்தில் செயல்படுவதால் அது 585 ÷ 4, சுமார் 146 நியூட்டன். உராய்வும் அதேதான். தொடங்கும்போதே 375 என்று எழுதியவரின் ஏணி, தானாகச் சுவரைப் பார்த்து நகர வேண்டியிருக்கும். ஆள் 4 மீட்டர் ஏறினால் தேவைப்படும் உராய்வு சுமார் 416, வரம்போ 375. அதற்கு முன்பே ஏணி சறுக்கிவிட்டிருக்கும். எங்கே என்று கேட்டால், உராய்வை 375 ஆக வைத்துப் பின்னோக்கிப் போனால் சுமார் 3.54 மீட்டர் வருகிறது. உராய்வுக்குக் குணகச் சூத்திரத்தைப் பயன்படுத்த உரிமை கிடைப்பது இந்த ஒரே ஒரு கணத்தில்தான், 'சறுக்கும் தறுவாயில்' என்ற சொற்கள் கேள்வியில் இருக்கும்போது.

இந்த எண்கள் பரீட்சைக்காக மட்டும் இல்லை. ஏணியில் ஏறுபவர் முதல் சில படிகளில் நின்று ஆட்டிப் பார்த்து 'உறுதியாகத்தான் இருக்கிறது' என்று முடிவு செய்கிறார். அங்கே தேவைப்படும் உராய்வு 146-தான், எல்லாம் உறுதியாகத்தான் இருக்கும். தேவை, ஏற ஏறத்தான் கூடுகிறது, ஆபத்து உச்சியில் காத்திருக்கிறது. பிரிட்டனின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பு, 4 பங்கு உயரத்துக்கு 1 பங்கு தூரம், அதாவது சுமார் 75 டிகிரி என்று விதி சொல்வதும், அமெரிக்க விதிகள் ஏணி நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு தூரம் என்று சொல்வதும் இதனால்தான். நம் ஏணியை 4-க்கு 1 என்று நிமிர்த்திச் சாய்த்தால், ஆள் உச்சிப்படியிலேயே நின்றாலும் தேவைப்படும் உராய்வு 675 ÷ 4, சுமார் 169 நியூட்டன். 375 வரம்பில் பாதிகூட இல்லை. அடிப்படியில் இன்னொருவர் ஏறி நின்றுகொள்வதும் வெறும் தைரியத்துக்கு இல்லை: அவரும் 60 கிலோ என்றால் தரையின் செங்குத்து விசை 1350 ஆகி, உராய்வின் வரம்பு 675-க்குப் போகிறது. அவர் அடிப்புள்ளிக்குப் பக்கத்திலேயே நிற்பதால் திருப்புவிசையில் கிட்டத்தட்ட எதையும் கூட்டுவதில்லை. பழைய சாய்வில் ஆள் உச்சியில் நிற்கும்போது தேவை 506, ஆகவே ஏணி நிற்கும்.

லாமியின் தேற்றம் பற்றி ஒரு வார்த்தை. 17-ம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரியார் பெர்னார் லாமியின் பெயரில் வழங்கும் இந்தத் தேற்றம், மூன்று விசைகள் மட்டும், ஒரே தளத்தில், ஒரே புள்ளியில் சந்தித்துச் சமநிலையில் இருக்கும்போது, ஒவ்வொரு விசையும் மற்ற இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தின் சைனுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று சொல்லி வேகமாக வேலையை முடித்துத் தரும். நான்காவதாக ஒரு விசை வந்துவிட்டால் அதை அப்படியே பயன்படுத்த முடியாது. கூறுகளாகப் பிரிக்கத் தெரிந்தவருக்கு இது இல்லாமலும் கணக்கு முடியும்.

விடையில் எதிர்க்குறி வந்தால் பதறி அழித்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம், ஏனென்றால் அந்தக் குறி ஏதோ சொல்ல வருகிறது. என்ன சொல்கிறது என்பது எந்த விசைக்கு வந்தது என்பதைப் பொறுத்தது. உராய்வுக்கு வந்தால் பெரிய விஷயமே இல்லை, நீங்கள் அம்பை எதிர்த்திசையில் வரைந்துவிட்டீர்கள், அளவு சரி. கயிற்றின் இழுவிசைக்கு வந்தால் கயிறு தள்ள வேண்டியிருக்கிறது என்று பொருள். கயிற்றால் தள்ள முடியாது, ஆகவே அந்தச் சமநிலையே சாத்தியமில்லை. செங்குத்து விசைக்கும் அப்படித்தான். கட்டடத்தில் சாரப் பலகை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: 4 மீட்டர், 20 கிலோ, இடது முனையில் ஒரு தாங்கல், அங்கிருந்து 3 மீட்டரில் இன்னொன்று, கடைசி 1 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. 60 கிலோ ஆள் அந்த நீட்டலில் அரை மீட்டர் போய் நிற்கிறார். வலது தாங்கலைப் பற்றித் திருப்புவிசை எடுத்தால், பலகையின் எடை 200 × 1, ஆளின் எடை 600 × 0.5, வித்தியாசம் 100. இடது தாங்கலின் விசை −100 ÷ 3, சுமார் −33 நியூட்டன். அதாவது இடது முனையை யாராவது 33 நியூட்டனால் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். செங்கல் இழுக்காது, பலகை தூக்கிவிடும். கயிறு போட்டுக் கட்டியிருந்தால் அந்தக் கயிறு இழுக்கும். சாரம் கட்டுபவர்கள் பலகை முனைகளைக் கட்டாமல் விடக்கூடாது என்பதற்கு இந்த எதிர்க்குறிதான் காரணம். கட்டாத பலகையில், தாங்கலைத் தாண்டி 33 சென்டிமீட்டர்தான் அவர் போகலாம்.

கடைசியாக, தெரியாதவற்றை எண்ணும் பழக்கம். ஒரே தளத்தில் இருக்கும் பொருளுக்கு இரண்டு விசைச் சமன்பாடு, ஒரு திருப்புவிசைச் சமன்பாடு, மொத்தம் மூன்று. வேறு புள்ளியைப் பற்றித் திருப்புவிசை எடுத்து நான்காவது சமன்பாடு எழுதலாம், ஆனால் அது முதல் மூன்றிலிருந்தே வருவதுதான், புதிதாக எதையும் சொல்லாது. ஆகவே மூன்று தெரியாத விசைகளுக்கு மேல் கண்டுபிடிக்க முடியாது. ஒரு கதவை எடுத்துக்கொள்ளுங்கள்: 20 கிலோ, 90 சென்டிமீட்டர் அகலம், 1.8 மீட்டர் இடைவெளியில் இரண்டு கீல்கள். ஒவ்வொரு கீலுக்கும் ஒரு கிடைமட்ட விசை, ஒரு மேல்நோக்கிய விசை, மொத்தம் நான்கு. கிடைமட்ட விசைகளைக் கண்டுபிடித்துவிடலாம்: 200 × 0.45 ÷ 1.8 = 50 நியூட்டன், மேல் கீல் கதவை நிலைச் சட்டத்தை நோக்கி இழுக்கிறது, கீழ்க் கீல் வெளியே தள்ளுகிறது. பழைய கதவுகளில் மேல் கீலின் திருகாணிதான் முதலில் பிடுங்கிக்கொண்டு வரும், கதவின் வெளிமுனை தரையில் உரசும், அது இந்த 50 நியூட்டனின் வேலை. ஆனால் செங்குத்தாக 200 நியூட்டனை இரண்டு கீல்களும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று கேட்டால், சமநிலைச் சமன்பாடுகளிடம் பதில் இல்லை. தச்சர் எந்தக் கீலை ஒரு மயிரிழை மேலே தூக்கிப் பொருத்தினார் என்பதைப் பொறுத்தது அது.

ஏணிக் கணக்குகளில் சுவர் எப்போதும் வழவழப்பாகவே இருப்பதும் இதனால்தான். சுவரிலும் உராய்வு இருந்தால் தெரியாதவை நான்காகிவிடும், சமன்பாடு மூன்றுதான். அப்படியும் சொரசொரப்பான சுவரோடு ஒரு கேள்வி வந்தால், 'சறுக்கும் தறுவாயில்' என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். விறைப்பான ஏணியின் ஒரு முனை மட்டும் சறுக்கி மற்ற முனை அப்படியே நிற்க முடியாது, சறுக்கினால் இரண்டும் சேர்ந்தே சறுக்கும். ஆகவே அந்தத் தறுவாயில் தரை உராய்வு, சுவர் உராய்வு இரண்டும் ஒரே நேரத்தில் அவற்றின் உச்ச வரம்பில் இருக்கின்றன. இரண்டு புதிய சமன்பாடுகள் கிடைக்கின்றன. நான்கு விசைகளோடு ஏணி நிற்கக்கூடிய கடைசிக் கோணத்தையும் சேர்த்து ஐந்தையும் கண்டுபிடித்துவிடலாம்.